பீடியை விட்டாச்சு, அப்புறம்? ஆடாதொடையா, தூதுவளையா, அதிமதுரமா, நடையா

பீடி சுற்றிப் பிழைக்கும் வீடுகள் குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் ஏராளம். பீடி குடிப்பவர்களுக்கும் பஞ்சமில்லை. அதை விட்டவர் முதலில் தேடுவது நாட்டு மருந்துக் கடையை: “நுரையீரலைக் கழுவ ஏதாவது இருக்கா?”

கழுவ எதுவும் இல்லை. புகை நின்றதும் மூச்சுக்குழாயின் நுண்முடிகள் மறுபடி வேலை செய்யத் தொடங்கி, தேங்கிய சளியை மேலே தள்ளும். முதல் சில வாரம் இருமல் கூடுவது அதனால்தான். இந்தக் கட்டத்தில் எது உதவும் என்பதுதான் கேள்வி.

சளிக்கு என்றால் என் ஓட்டு ஆடாதொடைக்கு. அதன் இலையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை அடிப்படையாக வைத்துத்தான் இருமல் சிரப்புகளில் வரும் புரோம்ஹெக்சின் உருவானது. ஆனால் கசப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. தூதுவளை அவ்வளவு வேகம் காட்டாது. முள்ளை ஆய்ந்து துவையலோ ரசமோ வைத்தால் வீட்டில் எல்லாரும் சாப்பிடலாம், அது ஒன்றே போதும் எனக்கு.

அதிமதுரம் தொண்டைக்கு இதம், நாக்குக்கும் இனிப்பு. ஆபத்தும் அந்த இனிப்பில்தான் இருக்கிறது. அதைத் தரும் கிளிசிரைசின், தினமும் சேர்ந்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பிபி மாத்திரை போடுபவர் தள்ளியே இருக்கட்டும். ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சரி, நுரையீரலுக்கு மருந்தல்ல.

‘இயற்கை’ என்று விற்கும் பீட்டா கரோட்டின் (கேரட்டில் இருக்கும் நிறப்பொருள்) மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். 1994-இல் வெளியான பின்லாந்து ஆய்வில், அதை எடுத்த புகைப்பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. கேரட்டைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் நடை முந்துகிறது. சிதைந்த காற்றறைகளை அது திருப்பித் தராது. இருக்கும் மூச்சில் அதிக தூரம் போக உடம்பைப் பழக்கும். வேலூர் வெயிலில் காலை ஏழு மணிக்குள் கோட்டைப் பக்கம் ஒரு சுற்று போய்விடுவது நல்லது. மூச்சு வாங்கினால் நின்று, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி விடுங்கள். காசும் இல்லை, கசப்பும் இல்லை.

புகையை விட்டதால் வந்த இருமல்தான் என்று தோன்றினாலும், இரண்டு வாரம் தாண்டியும் நிற்காவிட்டால் கஷாயத்தை மாற்றிப் பார்க்க வேண்டாம். புகைத்தவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். சளியில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே போங்கள்.