மேலே இருப்பது கத்தி, கீழே இருப்பது காய்: இங்க்ஸ்கேப் பற்றி ஒரு ஸ்டிக்கர் கடைக்காரி

கோத்தகிரியில் எனக்கு ஒரு சின்ன ஸ்டிக்கர் கடை. ஜீப் கண்ணாடிக்கு எழுத்து, தைல பாட்டிலுக்கு லேபிள், டீத்தூள் பாக்கெட்டுக்கு லோகோ. பதினொரு வருஷம் கோரல் டிரா என்ற படம் வரையும் சாப்ட்வேரில் ஓட்டினேன். வெல்ட் (ஒட்டுவது), ட்ரிம் (வெட்டுவது) எல்லாம் பார்க்காமலே கை போகும். போன வருஷம் லேப்டாப் மாற்றியபோது அக்கா பையன் அதே வேலை செய்கிற இங்க்ஸ்கேப்பைப் போட்டுக் கொடுத்தான். "காசு கட்ட வேண்டாம் சித்தி, விண்டோஸ், லினக்ஸ் எதிலும் ஓடும்" என்றான். 2003-லிருந்து இருக்கிற சாப்ட்வேராம், எனக்குத்தான் தெரியவில்லை. அதில் பாத் மெனுவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பாத் என்றால் வடிவத்தை வரைகிற கோட்டின் பாதை. வடிவங்களை ஒட்டுவதும் வெட்டுவதும்தான் என் பிழைப்பு.

முதல் வேலை, எங்கள் ஊரில் யாரும் தப்பிக்க முடியாத வேலை: இரண்டு இலை, ஒரு மொட்டு. (மொட்டை மறந்தால் கட்சிச் சின்னமாகிவிடும், லேபிள் வாங்க வந்தவர் சண்டைக்கு வருவார்.) முன்பெல்லாம் இலையைப் பெசியரில் (வளைகோடு இழுக்கும் கருவி) கையால் இழுப்பேன். இப்போது 40 மி.மீ. வட்டம் இரண்டு போட்டு, ஒன்றை 28 மி.மீ. பக்கவாட்டில் நகர்த்தி, இன்டர்செக்‌ஷன். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகிற இடம் மட்டும் மிஞ்சும். கிட்டத்தட்ட 28.5 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலத்தில் நல்ல தேயிலை, இரு நுனியும் கூர்மையாக. நடுவில் விளிம்பைத் தாண்டிப் போகிற மாதிரி ஒரு கோடு போட்டு டிவிஷன் கொடுத்தால் இலை இரண்டு பாதியாகும். ஒன்றுக்கு வெளிர்பச்சை, ஒன்றுக்குக் கரும்பச்சை. வெயில் ஒரு பக்கம் படுகிற இலை கிடைத்துவிடும்.

நரம்பு வெட்டும்போதுதான் முதல் நாள் மாட்டிக்கொண்டேன். தடித்த கோடு ஒன்றை இலைமேல் வைத்து, ஒன்றால் இன்னொன்றை வெட்டும் டிஃபரன்ஸ் கொடுத்தேன், வெள்ளை நரம்பு வரவே இல்லை. இந்தக் கட்டளைகள் கோட்டின் தடிமனைக் கணக்கில் எடுப்பதில்லை, உள்ளே ஓடும் பாதையை மட்டும்தான் பார்க்கும். முதலில் ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்து அந்தக் கோட்டையே ஒரு வடிவமாக்க வேண்டும். இன்னொன்று, மேலே இருப்பது கத்தி, கீழே இருப்பது காய். நரம்பு கீழே போய், இலை மேலே வந்துவிட்டால் இலை காணாமல் போகும், வெளியே நீட்டிய நரம்புத் துண்டு மட்டும் நிற்கும். வடிவங்களை ஒட்டும் யூனியனிலும் நிறம் அடியில் இருப்பதன் நிறம்தான். கடைசியாகத் தொட்டதன் நிறம் வரும் என்று கோரலில் பழகிய கைக்கு இது கொஞ்ச நாள் எரிச்சல்.

சரி, இப்போது என் மானம் போன கதை. ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர் பக்கத்து ஊர்ப் பேரகணியின் ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு முன்னால் பின் கண்ணாடிக்கு 'ஹெத்தையம்மன் துணை' கேட்டார். கண்ணாடி அகலத்துக்குள் அடங்க எழுத்துகளை நெருக்கினேன். 'தை'யில் சங்கிலிக்கொம்பின் வால் 'த'வின் மேல் ஏறிக்கொண்டது, 'ம்'மும் 'ம'வும் தோள் உரசின. திரையில் எல்லாம் ஒரே வெள்ளை, பார்க்க அழகாக இருந்தது. எழுத்தைப் பாத் ஆக்கி, குரூப்பைப் பிரித்து, கம்பைன் கொடுத்துவிட்டு ஸ்டிக்கர் வெட்டும் மெஷினுக்கு அனுப்பினேன்.

கம்பைன் என்பது மூட்டையாகக் கட்டுவது. யூனியன் என்பது கரைத்து ஒன்றாக்குவது. கம்பைனில் உள்ளே இருக்கும் வெட்டுக்கோடு ஒன்றும் அழியாது, வெட்டும் மெஷின் அத்தனை கோட்டிலும் கத்தியை விடும். ஊசியால் வேண்டாத வினைலை (ஸ்டிக்கர் தாளை) கிள்ளி எடுக்கும்போது, எழுத்துகள் ஏறியிருந்த இடமெல்லாம் அரிசி அரிசியாகக் கையோடு வந்தது. ஈரக் காற்று வேறு, மிச்சமும் சரியாக ஒட்டவில்லை. அண்ணன் பார்த்துவிட்டு, "என்னக்கா, எலி கடிச்சாப்ல இருக்குது?" என்றார். காசு வாங்காமல் மறுநாள் வேறு வெட்டிக் கொடுத்தேன். குற்றம் சாப்ட்வேர் மேல் இல்லை, என் மேல்தான். இப்போது அனுப்பும் முன் கோடு மட்டும் தெரிகிற ஔட்லைன் பார்வைக்கு மாற்றி, எழுத்துக்குள் கோடு ஓடுகிறதா என்று பார்க்காமல் விடுவதில்லை.

கம்பைனில் கட்டிய மூட்டையை அவிழ்க்கும் பிரேக் அபார்ட்டிலும் ஒரு பள்ளம் உண்டு. 'ன'வை அதில் உடைத்தால் சுழியின் ஓட்டை தனித் துண்டாகி அடைந்துபோகும். ஓட்டையோடு பிரிக்க வேண்டுமென்றால் புதிய பதிப்புகளில் ஸ்பிளிட் பாத் இருக்கிறது, அதைத் தொடுங்கள்.

2023-இல் வந்த 1.3 பதிப்பிலிருந்து ஷேப் பில்டர் என்று ஒரு கருவி. என்னைக் கேட்டால் இதற்காகவே இங்க்ஸ்கேப் போடலாம். வடிவங்களைத் தேர்ந்தெடுத்து எக்ஸ் அழுத்தினால் எல்லாம் துண்டு துண்டாகத் தெரியும். சேர வேண்டிய துண்டுகள் மேல் மவுஸை இழுத்துக்கொண்டே போனால் ஒட்டிக்கொள்ளும், ஷிஃப்ட் பிடித்துத் தொட்டால் அந்தத் துண்டு போய்விடும். முடிந்ததும் என்டர். எது மேலே, எது கீழே என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மலை வரிசையும் நடுவில் சூரியனும் வைத்து ஒரு ஹோம் ஸ்டேக்கு லோகோ கேட்டார்கள், நான்கு முக்கோணமும் ஒரு வட்டமும் போட்டு டீ ஆறுவதற்குள் முடித்தேன். ஆனால் எழுத்து நிறைந்த படத்தில் இதைத் திறந்தால் என் 4 ஜிபி லேப்டாப் மூச்சு வாங்குகிறது. அதற்கு நேரே யூனியன்தான்.

பிடிக்காதது ஒன்று. ஒட்டி வெட்டி முடித்த வளைவில் சில சமயம் தேவையில்லாத நோடுகள் (கோட்டின் மேல் இருக்கும் புள்ளிகள்) முளைக்கின்றன. திரையில் தெரியாது, கத்தி அங்கே வந்ததும் ஒரு குலுக்குக் குலுக்கும். சிம்ப்ளிஃபை கொடுத்தால் நோடு குறையும், கூடவே இலை நுனியின் கூர்மையும் மழுங்கும். நான் நோடு கருவியால் ஒவ்வொன்றாக அழிக்கிறேன். ஒரு லேபிளுக்குப் பத்து நிமிஷம் அதிலேயே போகிறது.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். மீதி ஒன்று அந்தப் பத்து நிமிஷத்துக்கு. ஜீப் அண்ணன் நேற்றுகூட மேட்டுப்பாளையம் சவாரி முடிந்து கடை வழியாகப் போனார். 'தை' இன்னும் உரியவில்லை.