சபைத் தலைவர்களைப் பயிற்றுவிக்க எது உதவும்: வாட்ஸ்அப் குரல் பதிவா, வீடியோவா, பாட்காஸ்ட்டா?

செல் குழு (வீடுகளில் கூடும் சிறு குழு) நடத்துகிறவர்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், வாலிபர் கூட்டப் பொறுப்பாளர்கள் எல்லோருக்கும் வாராவாரம் கொஞ்சம் போதனை போய்ச் சேர வேண்டும் என்று எங்கள் சபையில் முடிவெடுத்தபோது நான்கு வழிகள் எங்கள் முன்னால் இருந்தன. வாட்ஸ்அப் குழுவில் போதகரின் குரல் பதிவு, யூடியூபில் வீடியோ, ஏற்கெனவே வெளிவந்துகொண்டிருக்கும் தலைமைத்துவப் பாட்காஸ்ட்களை (இணையத்தில் தொடராக வரும் ஒலி நிகழ்ச்சிகளை) கேட்கச் சொல்வது, இல்லையென்றால் நாமே ஒன்று தொடங்குவது. வாட்ஸ்அப்பில் ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டினோம், நடுவில் வீடியோவும் முயன்று பார்த்தோம், இப்போது சொந்தப் பாட்காஸ்ட் இரண்டாவது வருடத்தில் இருக்கிறது. நான் பாட்காஸ்ட் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குப் போகும் வழியில் கேட்கலாம், சமைத்துக்கொண்டே கேட்கலாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், விட்டுவிடலாம்.

வீடியோவை ஏன் விட்டோம்? ஒலிவாங்கி முன்னால் மனம்விட்டுப் பேசிய எங்கள் மூப்பர்கள் கேமரா முன்னால் பிரசங்க பீடத்தில் நிற்பதுபோல் விறைத்துப்போனார்கள். வெளிச்சம், பின்னணி, வெட்டி ஒட்டும் வேலை என்று இருபது நிமிடப் பேச்சுக்கு இரண்டு நாள் போனது. ஒலி மட்டும் என்றால் விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒற்றைத்தட (மோனோ) ஒலியாகச் சேமித்த அரைமணி நேரப் பதிவு சுமார் 14 மெகாபைட்தான் வரும், வீடியோ அதைவிடப் பல மடங்கு. இன்னொன்றும் இருக்கிறது. நம் பாடம் முடிந்ததும் யூடியூப் அடுத்து எதைக் காட்டும் என்பது நம் கையில் இல்லை, நாம் போதித்ததற்கு நேர் எதிரானதைப் போதிக்கிறவராகவும் இருக்கலாம். ஆனால் சிறுபிள்ளைகளுக்குச் செய்கைப் பாட்டு சொல்லிக்கொடுப்பது, ஆராதனைக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பது போன்றவற்றுக்குக் கண்ணால் பார்க்காமல் முடியாது. அதற்கு இன்றும் வீடியோதான்.

வெளிப் பாட்காஸ்ட்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் எச்சரிக்கையானவன். லைஃப்.சர்ச் போதகர் கிரெய்க் க்ரோஷெல், கேரி நியூஹாஃப் போன்றவர்களின் தலைமைத்துவ நிகழ்ச்சிகள் பயனுள்ளவை, வேலையைப் பகிர்ந்து கொடுப்பது, குழுவை நடத்துவது பற்றி நானே நிறையக் கற்றிருக்கிறேன். போதகர்கள் கேட்கட்டும். ஆனால் ஆங்கிலத்தில், சம்பளம் வாங்கும் ஊழியர் குழு உள்ள சபைகளை மனதில் வைத்துப் பேசப்படுவதில் பெரும்பகுதி, பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் ஐந்தாறு குடும்பங்களைச் சந்திக்கிற செல் தலைவருக்கு ஒட்டாது. சியாட்டிலின் மார்ஸ் ஹில் சபையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1996ல் தொடங்கி, இணையத்தில் ஏற்றிய பிரசங்கங்களால் உலகமெங்கும் கேட்கப்பட்டு, அதன் போதகரின் நடத்தை பற்றிய குற்றச்சாட்டுகளுக்குப் பின் 2014 முடிவில் கலைந்துபோனது. அந்தக் கதையை 2021ல் கிறிஸ்டியானிட்டி டுடே ஒரு பாட்காஸ்ட் தொடராகவே சொன்னது. 1 தீமோத்தேயு 3ல் சபையின் கண்காணிக்குச் சொல்லப்பட்ட தகுதிகளைப் பாருங்கள், போதிக்கும் திறமை அதில் ஒன்று, மற்றவை அநேகமாகக் குணத்தையும் குடும்பத்தையும் பற்றியவை. குரல் நமக்குத் திறமையைக் கொண்டுவந்து சேர்க்கும், குணத்தை அருகிலிருந்து பார்த்தால்தான் தெரியும். எங்கள் பாட்காஸ்ட்டிலும் ஒரே ஆள் பேசாமல் மூப்பர்கள் மாறி மாறிப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

சரி, வாட்ஸ்அப். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. எல்லோர் கையிலும் இருக்கிறது, புதிதாக எதையும் கற்க வேண்டாம், போதகர் காலையில் ஜெபித்துவிட்டு அந்த நிறைவோடு எழுந்து பேசி அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் "ஆமென்" வந்துவிடும். அந்த நெருக்கம் பாட்காஸ்ட்டில் கிடைப்பதில்லை.

ஆனால் சபைத் தலைமையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவர் ஊர் மாறுவார், ஒருவருக்குக் குழந்தை பிறக்கும், ஒருவர் களைத்துப்போய் ஓய்வு கேட்பார், அந்த இடத்துக்குப் புதியவர் வருவார். அப்படி வந்த ஒரு சகோதரி, குழுவில் ஒருவரே எல்லா நேரமும் பேசுகிறார், மற்றவர்கள் வாயே திறப்பதில்லை, என்ன செய்வது என்று கேட்டார். அதைப் பற்றிப் போதகர் ஏழெட்டு மாதம் முன்பு அருமையாகப் பேசியிருந்தார். தேடினோம், கிடைக்கவில்லை. குரல் பதிவுக்குத் தலைப்பு கிடையாது, தேதி மட்டும்தான், அதற்கு மேலும் கீழும் நூற்றுக்கணக்கான பிறந்தநாள் வாழ்த்துகளும் ஜெப விண்ணப்பங்களும். புதிதாகக் குழுவில் சேர்ந்தவர் கையில் அந்தப் பழைய பதிவு இருக்கவும் வழியில்லை. சேமித்து வைத்திருந்த ஒரு மூப்பர் போனை மாற்றியதில் அதுவும் போயிருந்தது. போதகர் அதே பாடத்தை மறுபடி பதிவுசெய்தார், அவர் முகத்தில் இருந்த களைப்பைப் பார்த்த அன்றுதான் இது சரிவராது என்று எனக்குத் தோன்றியது.

யாத்திராகமம் 18ல் மாமனார் எத்திரோ மோசேயிடம் பத்துப் பேருக்கும் ஐம்பது பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னதைத்தான் நாம் அடிக்கடி பேசுவோம். அதற்கு முந்தின வசனத்தில், ஜனங்களுக்குக் கட்டளைகளையும் நடக்கவேண்டிய வழியையும் தெரியப்படுத்து என்றும் அவர் சொல்கிறார். கற்பிக்கும் சுமை மோசேயின் தோளில்தான் இருந்தது. அந்தச் சுமையை ஒவ்வொரு புதியவருக்காகவும் முதலிலிருந்து தூக்க வேண்டியதில்லை என்பதுதான் பாட்காஸ்ட் எங்களுக்குக் கொடுத்த விடுதலை. பவுலும் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தை லவோதிக்கேயாவிலும் வாசிக்கச் சொன்னார், ஒரு முறை சொன்னது இன்னொரு சபையின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

இப்போது ஒவ்வொரு பகுதிக்கும் எண், தலைப்பு, கீழே நான்கு வரிக் குறிப்பு, வேதபகுதி, குழுவில் கலந்துபேச இரண்டு கேள்விகள் உண்டு. முதல் பத்துப் பகுதிகள் புதிதாகப் பொறுப்பேற்கிறவர்களுக்கு மட்டும். யாராவது கேட்டால் "ஆறாவது பகுதியைக் கேளுங்கள், வியாழக்கிழமை பேசுவோம்" என்று சொல்ல முடிகிறது. பாட்காஸ்ட், எந்தச் செயலியும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆர்எஸ்எஸ் (RSS) என்ற திறந்த முறையில் இயங்குவதால் கேட்கும் செயலி மூடப்பட்டாலும் நிகழ்ச்சி போய்விடாது. 2024ல் கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை மூடியபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வேறு செயலிக்கு மாறினார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒலிக்கோப்புகளை வைத்திருக்கும் சேவையைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். நாளை வேறிடத்துக்கு மாறினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிட அது அனுமதிக்க வேண்டும், மூலப் பதிவுகளும் தனியே உங்களிடம் இருக்க வேண்டும். கணக்கு சபையின் மின்னஞ்சலில், இரண்டு பேருக்குக் கடவுச்சொல் தெரிந்திருக்கும்படி இருக்கட்டும். எங்கள் யூடியூப் சேனலை ஒரு தம்பி தன் சொந்த மின்னஞ்சலில் தொடங்கியிருந்தான், அவன் வேலை மாறிப் போனபின் அதை வாங்கப் பல மாதம் ஆனது.

செய்யும் முறையில் எங்களைக் காப்பாற்றியது, மாதத்தில் ஒரே மாலையில் நான்கு பகுதிகளைப் பதிவுசெய்துவிடுவது. திரைச்சீலையும் மெத்தையும் உள்ள சின்ன அறை, வாய்க்கு அருகில் ஒலிவாங்கி, இருபது நிமிடம். பாட்டு சேர்க்கிறீர்கள் என்றால் ஒரு நிமிடம் யோசியுங்கள், ஆராதனையில் பாடுவதற்கு வாங்கிய அனுமதி பாட்காஸ்ட்டுக்குத் தானாகப் பொருந்திவிடாது. நாங்கள் பாட்டே சேர்ப்பதில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறோம். திறந்த பாட்காஸ்ட்டை யாரும் கேட்கலாம் என்பதால் ஆலோசனையில் கேட்ட எதையும் அதில் பேசுவதில்லை. பெயரை மாற்றிச் சொன்னாலும் நூறு பேர் உள்ள சபையில் யாரென்று தெரிந்துவிடும், ஒரு முறை அந்த நம்பிக்கை உடைந்தால் அந்தக் குடும்பம் திரும்ப வராது. அவையெல்லாம் மாதாந்திரக் கூட்டத்தில், கதவு மூடிய அறையில்.

இதனால் தலைவர்கள் வளர்ந்திருக்கிறார்களா? இந்தக் குறுகிய காலத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன், பதிவிறக்க எண்ணிக்கை அதைக் காட்டவும் காட்டாது. பல கிளைகள் உள்ள பெரிய சபைக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதிலும் எனக்கு அனுபவம் இல்லை. நான் கண்ணால் பார்ப்பது, மாதாந்திரக் கூட்டத்தில் முன்பு ஒன்றரை மணி நேரம் போதகர் பேசுவார், இப்போது முக்கால்வாசி நேரம் தலைவர்கள் கேள்வி கேட்கிறார்கள், ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கிறார்கள்.

வாட்ஸ்அப் குழுவை நாங்கள் மூடவில்லை. புதிய பகுதியின் இணைப்பு அங்கேதான் போகிறது, வயதான மூப்பர்கள் இருவர் அதைத் தொட்டுத்தான் கேட்கிறார்கள்.