ஊதா ஏறிய திரையும் பாளையங்கோட்டைப் பழுதுபார்ப்புக் கடையும்: ஒரு மதிப்புரை

எங்கள் வீட்டு 43 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சி, வாங்கி ஐந்து ஆண்டுகள் நிறைவதற்குள், கொஞ்சம் கொஞ்சமாக ஊதா நிறம் ஏறிப்போனது. டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் வெள்ளை உடை, சொட்டு நீலம் கூடுதலாகிவிட்ட வேட்டியைப் போலத் தெரிந்தது. சமையல் நிகழ்ச்சியில் வடித்த சோறு கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. நாள்பட மாறிய நிறம் என்பதால் தினமும் பார்க்கும் கண்ணுக்கு அது உறைக்கவில்லை. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை உள்ளூர் கேபிள் சேனலில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “வடம் பிடிக்கவன் வேட்டியெல்லாம் ஏம்ல ஊதாவா இருக்கு?” என்று கேட்ட பிறகே வீட்டில் அது பேச்சானது.

அந்தப் பழுதைச் சரிசெய்து தந்த, பாளையங்கோட்டை சமாதானபுரம் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் சிறிய பழுதுபார்ப்புக் கடையைப் பற்றியது இந்த மதிப்புரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலை நேர்த்தியானது, வாங்கிய கூலி நியாயமானது, சொன்ன நேரத்துக்குத் தருவதிலும் ரசீது கொடுப்பதிலும் மட்டும் அந்தக் கடைக்கு நல்ல மதிப்பெண் போட முடியாது.

கடையைப் பற்றிச் சொல்லும் முன், யாரையும் அழைப்பதற்கு முன்னால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நிறம் மாறித் தெரியும் தொலைக்காட்சிகள் எல்லாவற்றுக்கும் மெக்கானிக் தேவைப்படுவதில்லை. ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்தித் தொலைக்காட்சியின் சொந்த மெனுவைத் திரைக்குக் கொண்டுவர வேண்டும். மெனுவின் வெள்ளை எழுத்துகள் வெள்ளையாகவே இருந்து, பின்னால் ஓடும் படம் மட்டும் நிறம் மாறியிருந்தால், பழுது தொலைக்காட்சிக்கு வெளியே, அதாவது செட்டாப் பாக்ஸிலோ வயரிலோ அமைப்பிலோ இருக்கிறது. மெனுவும் சேர்ந்து நிறம் மாறியிருந்தால் பழுது உள்ளே இருக்கிறது. அரை நிமிடம் கூட ஆகாத இந்தச் சோதனை, வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கென்றே வாங்கப்படும் கட்டணத்தைப் பலருக்கு மிச்சப்படுத்தும்.

வெளிப்பழுதுகளுக்கும் தனித்தனி அடையாளங்கள் உண்டு. எச்.டி.எம்.ஐ. வழியாக வரும் படம் முழுக்கப் பச்சையும் இளஞ்சிவப்புமாகத் தெரிந்தால், செட்டாப் பாக்ஸ் ஒரு நிற முறையில் அனுப்புவதைத் தொலைக்காட்சி வேறொரு நிற முறையாகப் படித்துக்கொள்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டையும் மின்சாரத்திலிருந்து பிடுங்கி மறுபடி செருகினாலோ, வயரை மாற்றினாலோ, பாக்ஸின் அமைப்பில் நிற முறையை மாற்றினாலோ சரியாகிவிடும். பச்சை, நீலம், சிவப்பு என மூன்று முனை கொண்ட பழைய கம்போனென்ட் வயரில் ஒரு முனை தளர்ந்தாலே நிறம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஸ்பீக்கரைத் தள்ளி வைக்கச் சொல்லும் பழைய யோசனையை எங்கள் தெருவில் இன்னும் கேட்கலாம். 2006இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வீடுவீடாகக் கிடைத்த குழல் தொலைக்காட்சிகளுக்கு அது பொருந்தும். காந்தம் பட்டால் அந்தக் குழலின் மூலையில் நிறத் திட்டு விழும். இன்றைய தட்டைத் திரைக்கு அந்தக் கவலை இல்லை.

எங்கள் வீட்டில் மெனுவும் ஊதாவாகவே இருந்தது. நிறுவனத்தின் அதிகாரபூர்வ சேவைக்குத் தகவல் சொன்னோம். வந்த பணியாளர் பின்மூடியைக் கழற்றாமலே, திரையைப் பார்த்த மாத்திரத்தில் “பேனல் போய்விட்டது” என்று எழுதிக்கொடுத்து, படம் காட்டும் அந்தத் திரைப்பகுதியை மாற்றுவதற்கு ஒரு விலையும் சொன்னார். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கும் நிலையில், அவர் சொன்ன தொகையோடு சிறிது சேர்த்தால் புதிதாகவே வாங்கிவிடலாம். கழற்றிப் பார்க்காமல் சொல்லப்பட்ட அந்தத் தீர்ப்பை நம்ப மனம் வராததால்தான் சமாதானபுரத்துக் கடைக்குப் போனேன்.

கடை என்பது பெரிய சொல்தான். முன்னறையில் கழற்றிய போர்டுகள் அட்டைப் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருக்க, உள்ளறையில் கம்பளம் விரித்த நீள மேசை ஒன்று இருக்கிறது. திரையைக் கவிழ்த்துப் படுக்க வைப்பதற்கென்றே செய்தது. கைப்பேசியில் எடுத்துப்போன படங்களைக் காட்டியதும் அந்த மெக்கானிக் அண்ணாச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பேனலுக்கு ஒண்ணும் ஆகல. பின்னால உள்ள லைட்டுதான் நீலம் அடிச்சிட்டு. பேனல் போயிருந்தா கோடு விழும், இல்லன்னா ஒரு பக்கம் இருட்டாயிரும். இப்படி முழுசும் ஊதா ஆவாது.”

அவர் சொன்னதன் காரணம் தொலைக்காட்சியின் அமைப்பிலேயே இருக்கிறது. எல்.இ.டி. தொலைக்காட்சி என்று நாம் வாங்குவது பெரும்பாலும் எல்.சி.டி. திரைதான், அந்தத் திரைக்குச் சொந்த ஒளி கிடையாது. அதன் பின்னால் வரிசையாக ஒட்டப்பட்ட எல்.இ.டி. பட்டைகளின் வெள்ளை ஒளியைத்தான் அது வடிகட்டி நிறமாகக் காட்டுகிறது. அந்த வெள்ளையும் பிறவியிலேயே வெள்ளை இல்லை. உள்ளே இருப்பது நீல ஒளி உமிழும் சிறு சில்லு. அதன் மேல் பூசிய, பாஸ்பர் என்னும் மஞ்சள் ஒளிர்பொருள், நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. கூடுதல் மின்னோட்டத்தாலும் வெப்பத்தாலும் பூச்சு கருகும்போது மஞ்சள் குறைந்து நீலம் மேலோங்குகிறது. திரையின் சிவப்பு வடிகட்டிக்குப் போதிய ஒளி கிடைக்காமல், படம் நீலமாகவும் ஊதாவாகவும் சாய்கிறது. ரிமோட்டை எவ்வளவு அமுக்கினாலும் இது தீராது, இல்லாத ஒளியை எந்த அமைப்பாலும் உண்டாக்க முடியாது என்பதால்.

தொலைக்காட்சியைக் கடைக்கே கொண்டுவரச் சொன்னார். வீட்டில் வைத்துத் திரையைப் பிரிப்பதில்லை என்பதில் கண்டிப்பாக இருந்தார். அவர் வேலை செய்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டது இந்தக் கடையின் பெரிய சிறப்பு. பின்மூடியைக் கழற்றியதும், மின்சாரம் துண்டித்த பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடிய பவர் போர்டு மின்தேக்கியின் மின்னூட்டத்தை முதலில் இறக்கினார். பிறகு பேனலின் ஓரத்தில் தொங்கும் மெல்லிய ஃபிலிம் ரிப்பன்களில் விரல் படாமல், உதவியாளரும் அவருமாக எதிரெதிர் பக்கம் நின்று பேனலைத் தூக்கித் தனி மேசைக்கு மாற்றினார்கள். அந்த ரிப்பனில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் பேனல் உண்மையாகவே போய்விடும். காணொளியைப் பார்த்து வீட்டில் பிரிக்க நினைப்பவர்கள் இந்த ஒரு கட்டத்துக்காகவே அந்த எண்ணத்தை விட்டுவிடலாம்.

ஒளியைப் பரப்பும் வெள்ளைத் தாள்களை வரிசை மாறாமல் எடுத்து வைத்த பிறகு பட்டைகள் தெரிந்தன. பழைய பட்டையிலிருந்த லென்ஸ் மூடி ஒன்றை நெம்பி எடுத்துக் காட்டினார். எலுமிச்சை மஞ்சளாக இருக்க வேண்டிய பூச்சு நடுவில் பழுப்பேறி, மயிரிழை போல வெடித்திருந்தது. பழையதையும் புதியதையும் டெஸ்டரில் மாறி மாறிக் கொளுத்தியபோது, புதியது வெள்ளையாகவும் பழையது கண்ணைக் கூசும் நீலமாகவும் எரிந்தன. பேனல் போய்விட்டது என்று எழுதிக்கொடுத்த அந்தத் தாளுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

பட்டை வாங்குவதில் அவர் காட்டிய கவனத்தையும் குறிப்பிட வேண்டும். தொலைக்காட்சியின் மாடல் எண்ணை வைத்துப் பட்டை வாங்கக் கூடாது, ஒரே மாடலில் வெவ்வேறு பேனல்கள் வரும் என்று சொல்லி, பேனலின் பின்பக்க ஒட்டுத்தாளில் உள்ள எண்ணையும் பட்டையில் அச்சிட்டிருந்த எண்ணையும் குறித்துக்கொண்டார். ஒரு பல்புக்கு 3 வோல்ட், 6 வோல்ட் என்று வகை இருப்பதால் அதையும் அளந்து பார்த்தார். ஊதாவாகிப்போன பட்டைகளை மட்டும் மாற்றினால் செலவு குறையாதா என்று கேட்டேன். பழையதும் புதியதும் கலந்தால் திரையில் பட்டை பட்டையாக நிறம் மாறித் தெரியும் என்று மறுத்து, முழுத் தொகுப்பையும் மாற்றினார். வெப்பத்தை விரைவாகக் கடத்தும் அலுமினிய அடித்தளப் பட்டையையே போட்டார். விலை குறைந்த ஃபைபர் பட்டையும் கடையில் இருக்கிறது, கேட்பவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிறார்.

இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் அடுத்துச் செய்த வேலைதான். பட்டையை மாற்றுபவர்கள் நெல்லையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பூச்சு கருகியதற்கு மூலமான மின்னோட்டத்தைக் குறைப்பவர்கள் குறைவு. பட்டைகளுக்குப் போகும் மின்னோட்டத்தை, அவற்றை இயக்கும் மின்சுற்றில் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும் சில சிறு மின்தடைகள் தீர்மானிக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் மொத்தத் தடை கூடி, மின்னோட்டம் குறையும். அவர் அதைச் செய்து, முன்னும் பின்னும் மீட்டரில் அளந்து காட்டினார். வெளிச்சம் சற்றுக் குறைந்தது உண்மை. பகலில் சன்னலைத் திறந்து வைத்தால் அது தெரியும், இரவில் தெரியவில்லை. எங்கள் ஊர் வெயிலில், மேற்குச் சுவரை ஒட்டி மாட்டப்பட்ட ஒரு தொலைக்காட்சிக்கு இந்தக் குறைவு நல்லதே என்பது என் கருத்து.

குறைகளுக்கு வருகிறேன். மறுநாள் தருவதாகச் சொன்னது ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தது. அழைத்தால் எடுப்பதில்லை, நேரில் போனால்தான் பதில் கிடைக்கும். தாள்களுக்கு இடையில் ஒரு தூசி தங்கி, வெள்ளைப் பின்னணி வரும்போது திரையின் கீழ்மூலையில் மங்கலான புள்ளியாகத் தெரிகிறது. அதற்காக மறுபடி பிரிப்பது ஆபத்து என்று அவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். ரசீது கேட்ட பிறகுதான் எழுதித் தந்தார், அதிலும் ஆறு மாத உத்தரவாதத்தை நான் சொல்லித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னாளில் நுகர்வோர் குறைதீர் ஆணையம் வரை போக நேர்ந்தால் வாய்ச்சொல்லைவிட அந்தத் தாள்தான் நிற்கும் என்பதால், போகிறவர்கள் தவறாமல் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு குறை எனக்கு வியப்பாகவே இருந்தது. மின்னோட்டத்தைக் குறைக்க அவ்வளவு மெனக்கெட்டவர், படத்தின் அமைப்பை மட்டும் கடைக்காட்சிக்கு வைப்பது போல ‘விவிட்’ முறையிலும் பேக்லைட் எனும் பின்னொளி அளவு 100இலும் விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அதை நானே மாற்றினேன். நிற வெப்பநிலை ‘கூல்’ என்று இருந்தால் புதிய பட்டையிலும் வெள்ளை நீலம் பாய்ந்தே தெரியும். ‘வார்ம்’ என்பதுதான் நிகழ்ச்சிகளைத் தயாரிப்பவர்கள் அளவுகோலாகக் கொள்ளும் 6500 கெல்வின் வெள்ளைக்கு நெருக்கமானது. முதலில் மஞ்சளாகத் தோன்றும், சில நாளில் கண் பழகிவிடும். பேக்லைட்டை 60க்குக் குறைத்தேன். அதன் பிறகும் சாம்பல் நிறப் படத்தில் லேசான நீலம் மிஞ்சியதால், வெள்ளைச் சமநிலைப் பகுதியில் நீல ‘கெயின்’ அளவைச் சிறிது இறக்கினேன். வெளிச்சமான பகுதிகளில் நிறம் சாய்ந்தால் ‘கெயின்’, இருண்ட பகுதிகளில் சாய்ந்தால் ‘ஆஃப்செட்’ என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மெனுவில் ‘டிண்ட்’ என்றே ஒன்று இருக்கிறதே, அதைத் தொடவில்லையா என்று சிலர் கேட்கலாம். அது அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. என்ற வண்ண ஒளிபரப்பு முறையில் பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே நிறம் நழுவுவதைத் திருத்துவதற்காக வந்தது. 1982இல் இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியபோது ஏற்கப்பட்ட ‘பால்’ (PAL) முறை, அடுத்தடுத்த வரிகளில் அந்தப் பிழையைத் தானே ஈடுசெய்துகொள்ளும். ஆகவே நம் வீடுகளில் அதை நடுவில் விட்டுவிடுவதே சரி.

எல்லா நிறப் பழுதுக்கும் இந்தக் கடை தீர்வாகாது. முகங்கள் எக்ஸ்ரே படம் போலத் தலைகீழ் நிறத்தில் தெரிந்தாலோ, நிழல் பகுதிகள் திட்டுத்திட்டாக உடைந்தாலோ, அது பேனலுக்குப் படத் தகவலை அனுப்பும் டி-கான் போர்டு அல்லது அதற்குப் போகும் ரிப்பன் பழுதாக இருக்க வாய்ப்பு அதிகம். உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வரும் தொலைக்காட்சிகளில் உப்புக்காற்றால் இணைப்புகள் பச்சை பூத்திருப்பதைப் பார்ப்பதாக அண்ணாச்சி சொன்னார். அவற்றைத் துடைத்துச் சரிசெய்து தருகிறார், போர்டு கிடைத்தால் மாற்றித் தருகிறார். ஓ.எல்.இ.டி. தொலைக்காட்சிகளுக்குப் பின்னொளியே கிடையாது என்பதால் அவற்றை அவர் எடுப்பதில்லை. உத்தரவாதக் காலம் முடியாத எதையும் நிறுவனத்துக்கே அனுப்புங்கள் என்று அவரே திருப்பி அனுப்பிவிடுகிறார்.

பட்டை, கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு 3,200 ரூபாய். வீட்டுக்கு வந்து எடுத்துப்போக ஆள் கிடையாது. போர்வை சுற்றி, ஆட்டோவில் நிமிர்த்தி வைத்தே கொண்டுபோக வேண்டும், படுக்க வைத்துக் கொண்டுபோனால் பேனல் விரிசல் விடக்கூடும். ஞாயிறு விடுமுறை. மற்ற நாட்களில் காலை பதினோரு மணிக்கு முன்னால் போனால் அண்ணாச்சி மேசையில் இருப்பார், பக்கத்தில் நின்று பார்க்கவும் விடுவார்.