ஒரே ஒரு எலெக்டிவ்தான் என்றால்: கணிதப் பொருளியலா, நிதிச் சந்தைகளா, தமிழகப் பொருளாதாரமா?

பி.ஏ. பொருளியலில் மெயின் பேப்பர்கள் எந்தக் கல்லூரியிலும் ஏறத்தாழ ஒன்றுதான். நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், பொது நிதி, பன்னாட்டு வாணிபம், இந்தியப் பொருளாதாரம் எல்லாம் எப்படியும் வந்துவிடும். பாதை பிரிவது அலைடு பேப்பரிலும் (துணைப் பாடம்) எலெக்டிவிலும் (விருப்பப் பாடம்). பலர் அங்கே ‘எதில் மார்க் எளிதாக வரும்’ என்று மட்டும் பார்த்து எடுத்துவிடுகிறார்கள்.

முதலில் நிதிச் சந்தைகள். பங்கு, கடன் பத்திரம், மியூச்சுவல் ஃபண்ட், சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகள் எல்லாம் வரும். வேலைக்கு உடனே உதவுகிற பாடம்தான். ஆனால் இதைப் பட்டம் வாங்கிய பிறகும் படித்துக்கொள்ளலாம். செபி நிறுவிய பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் சான்றிதழ்த் தேர்வுகளே பெரும்பகுதியைத் தொட்டுவிடும்.

தமிழகப் பொருளாதாரம், டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 எழுதப் போகிறவருக்கு நேரடியாகப் பயன்படும். அந்தத் தேர்வுகளைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை என்றால் தயங்காமல் எடுங்கள்.

எம்.ஏ. படிக்கும் எண்ணம் துளியாவது இருந்தால் கணிதப் பொருளியல்தான் சரி. முதுகலைச் சேர்க்கைக்கான ஐஐடி ஜாம் நுழைவுத் தேர்வின் பொருளியல் தாளில் கணிதமும் புள்ளியியலும் தனிப் பகுதிகள். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்எஸ்கியூஇ (அளவுசார் பொருளியல் முதுகலை) நுழைவுத் தேர்வில் இரண்டு தாள்கள். அதில் ஒன்று முழுக்கக் கணிதம். இரண்டாம் ஆண்டில் விட்ட கணிதத்தை மூன்றாம் ஆண்டுக் கடைசியில் நான்கு மாதத்தில் பிடிப்பது மிகக் கடினம்.

கணிதம் பொருளியலுக்கு என்ன தருகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஒருவரிடம் 100 ரூபாய். ஒரு பொருள் 2 ரூபாய், இன்னொன்று 5 ரூபாய். அவற்றை வாங்கும் அளவுகள் x, y; அவற்றால் கிடைக்கும் திருப்தியைக் காட்டும் பயன்பாட்டுச் சார்பு U = xy. ஒரே அளவு திருப்தி தரும் சேர்க்கைகளைக் காட்டும் சமநோக்கு வளைகோட்டைப் படமாக வரைந்தால் ‘வரவுசெலவுக் கோட்டைத் தொடும் இடமே சமநிலை’ என்பதோடு நின்றுவிடும். வரவுசெலவு வரம்புக்குள் அதிகபட்சப் பயன்பாட்டைக் கண்டுபிடிக்கும் லக்ராஞ்ச் முறையில் போட்டால் x = 25, y = 10, பயன்பாடு 250 என்று வரும். கூடவே λ (லாம்டா) = 5 என்று ஓர் எண் கிடைக்கும். வருமானம் ஒரு ரூபாய் கூடினால் பயன்பாடு சுமார் 5 கூடும் என்பது அதன் பொருள். 101 ரூபாய்க்குப் போட்டுப் பாருங்கள்: 255.025. படத்தில் λ கண்ணுக்குத் தெரியாது.

கணிதப் பொருளியலில் அரியர் விழுவது பொருளியல் புரியாததால் அல்ல. 12-ஆம் வகுப்பில் கணிதம் இல்லாத குரூப்பிலிருந்து வந்தவர்கள் தடுக்கி விழுவது அடுக்குகள், மடக்கை, இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பது ஆகியவற்றில்தான். செமஸ்டர் தொடங்கும் முன் ஆறு வாரம் ஒதுக்கி, தமிழ்நாடு அரசின் 11-ஆம் வகுப்பு ‘வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல்’ புத்தகத்தை எடுங்கள். முதல் இரண்டு வாரம் அணிகள், அடுத்த மூன்று வாரம் வகைநுண்கணிதமும் அதன் பயன்பாடுகளும், கடைசி வாரம் நிகழ்தகவு. தேவை நெகிழ்ச்சி, இறுதிநிலைச் செலவுக் கணக்குகள் அந்தப் பயன்பாட்டுப் பாடத்திலேயே இருக்கின்றன. முக்கோணவியலை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

எக்கோனோமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் பாடம்) எலெக்டிவாகக் கிடைத்தால் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் புள்ளியியல், அதன் பிறகே அது. கருதுகோள் சோதனை (ஓர் ஊகத்தைத் தரவு ஆதரிக்கிறதா என்று பார்க்கும் முறை) தெரியாமல் போனால் மென்பொருள் தரும் அட்டவணையைப் பார்த்து எழுதப் பழகுவீர்களே தவிர, எண் ஏன் தவறு என்று கண்டுபிடிக்க வராது. உதாரணமாக, ஊதியத்தைப் படித்த ஆண்டுகளோடு மட்டும் ரிக்ரெஷன் செய்தால் (ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டால்) கல்வியின் பலன் கூடுதலாகத் தெரியக்கூடும். குடும்ப வசதி உள்ளவர்கள் அதிகம் படிக்கிறார்கள், அந்த வசதியே ஊதியத்தையும் உயர்த்துகிறது. விட்டுப்போன அந்த மாறியின் பங்கும் கல்வியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இதைக் கண்டுகொள்ளவே அந்தப் பேப்பர். பயிற்சிக்கு ஆர், கிரெட்ல் ஆகிய மென்பொருள்கள் இரண்டும் இலவசம்.

அலைடில் புள்ளியியலா வரலாறா என்றால் புள்ளியியல். ஐஇஎஸ் (இந்தியப் பொருளாதாரப் பணி) தேர்வு எழுத நினைப்பவருக்கு இது இன்னும் முக்கியம்: அதில் தலா 200 மதிப்பெண்ணில் நான்கு பொருளியல் தாள்கள், முதல் தாளிலேயே புள்ளியியல், எக்கோனோமெட்ரிக்ஸ் கேள்விகள் வரும். வரலாறு பிடித்தவர் அதைக் கைவிட வேண்டியதில்லை; பொருளாதார வரலாறு எலெக்டிவாக இருந்தால் அங்கே எடுக்கலாம்.

உங்கள் கல்லூரியில் கணிதப் பொருளியல் எலெக்டிவே இல்லை என்றால் மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் தேடுங்கள். ஆனால் சேரும் முன் துறைத் தலைவரிடம் அந்தப் பாடத்தின் கிரெடிட் உங்கள் மதிப்பெண் பட்டியலில் ஏறுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். படிப்பு முடிந்தபின் கேட்டால் பல இடங்களில் ஏற்றித் தர மாட்டார்கள்.