ஒரு பெயர்ப்பொருள் செயலியும் ‘ஜான்’ என்ற பெயரும்

குழந்தைப் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் இந்தக் கைப்பேசிச் செயலியில் ‘ஜான்’ என்று தேடினால் ‘கடவுளின் பரிசு’ என்று வருகிறது; அது தவறு. ‘யோஹனான்’ என்ற எபிரேய மூலத்துக்கு ‘யாவே (எபிரேயர் கடவுளுக்கு வழங்கிய பெயர்) அருள்கூர்ந்தார்’ என்பதே பொருள்; பரிசு என்பது மத்தேயு, யோனத்தான் போன்ற பெயர்களுக்கு உரியது. கிரேக்கம், இலத்தீன் வழியாக அது ஆங்கிலத்தில் ஜான் ஆன வரலாற்றைச் செயலி சரியாகவே காட்டுகிறது. ஆனால், தமிழ்க் கத்தோலிக்கர் மூலப்பொருளை அறிந்தே (எவ்வளவு அழகாக!) இப்பெயரை ‘அருளப்பர்’ என்று வழங்கியதும், 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட போர்த்துக்கீசிய மறைப்பணியாளர் ஜான் டி பிரிட்டோ ‘அருளானந்தர்’ எனப் போற்றப்படுவதும் அதில் இடம்பெறவில்லை, தமிழ்ப் பெற்றோருக்கென்றே உருவாக்கப்பட்ட செயலிக்கு இது பெருங்குறை. தேடல் விரைவாக இயங்குகிறது. விளம்பரங்களை நீக்கக் கட்டணம் கேட்கிறார்கள். பிழையைத் திருத்தும்வரை அதைச் செலுத்தப் பரிந்துரைக்க மாட்டேன்.