நடராஜர்: கோயிலில் பார்ப்பதா, அருங்காட்சியகத்தில் பார்ப்பதா?

சிற்பத்தின் நுணுக்கம்தான் வேண்டும் என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். அங்குள்ள திருவாலங்காட்டு நடராஜரைப் பட்டோ மாலையோ மறைப்பதில்லை. தூக்கிய காலின் வளைவு, கீழே மிதிபடும் அசுரன் முயலகன், உடலின் சமநிலை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, சூட்டில் மெழுகை வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றிய சோழர் காலக் கைத்திறன் அது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்தச் சிலையைப் புகைப்படங்களில் பார்த்தே உருகி எழுதினார். கட்டுரை 1921இல் வெளிவந்தது. வரையப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளி எனக்குத் தெரியாது.

சிதம்பரம் வேறு அனுபவம். அலங்காரத்தில் உடல் பெரும்பாலும் மறைந்துவிடும். கூட்டத்தில் நிற்கக் கிடைப்பதும் கொஞ்ச நேரம்தான். ஆனால் அபிஷேகத்தில் பால் வழியும்போது உலோகம் தோலைப் போல மினுங்கும். ஆனியிலும் மார்கழியிலும் நடராஜரே தேரேறி வீதிக்கு வருகிறார். பல செப்புத் திருமேனிகளின் பீடத்தில் துளைகள் ஏன் இருக்கின்றன என்பது புறப்பாட்டைப் பார்த்தால்தான் விளங்கும்: கழி கோத்துத் தூக்கிச் செல்வதற்கு. ஆடும் கடவுளை ஆடி அசைந்து வரும்படியே செய்திருக்கிறார்கள்! கண்ணாடிப் பேழைக்குள் இது பிடிபடாது.

சரி, ஒன்றுதான் முடியும் என்றால்? பக்தி இல்லாதவருக்கும் நான் சொல்வது சிதம்பரம், அதுவும் ஆனி மாதப் பெரிய அபிஷேகமான ஆனித் திருமஞ்சன நாளில்.