சீரீன் சீசன்ஸ்: இரண்டு வருடக் குளிர்காலங்களுக்குப் பிறகு

மைன்கிராஃப்ட் கேமில் சீரீன் சீசன்ஸ் மாட் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. மாட் என்றால் கேமோடு சேர்த்துப் போடும் கூடுதல் ஃபைல்; இது அந்த உலகத்துக்குப் பருவங்களைக் கொண்டுவருகிறது. நான், தம்பி, சித்தி பையன் என மூன்று பேர் ஒரே சர்வரில் ஆடுகிறோம். இந்த மாடைப் போட்டதும் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை, குளிரைக் கூட்டலாமா குறைக்கலாமா என்பதுதான். நான் முதலில் பார்க்கச் சொல்வது பருவத்தின் நீளத்தை.

டீஃபால்ட்டில், அதாவது எதையும் மாற்றாமல் விட்டால், வருடத்துக்கு 12 துணைப் பருவங்கள் (ஒரு பருவத்துக்கு மூன்று), ஒவ்வொன்றும் 8 நாள். குளிர்காலம் மட்டும் 24 நாள். விளையாட்டில் ஒரு நாள் என்பது 20 நிமிடம், ஆக விளையாட்டுக்குள் தூங்கி இரவைத் தாண்டாமல் ஆடினால் குளிர்காலம் முழுசாக 8 மணி நேரம். சனி ஞாயிறு நாள் முழுக்க உட்காருகிறவர்களுக்கு இது சரி. நாங்கள் ராத்திரி சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் ஆடுகிறவர்கள். ஒரு வாரம் முழுக்கத் திரையில் வெள்ளை மட்டுமே. தம்பி சர்வர் பக்கம் வருவதையே விட்டுவிட்டான். மாடின் செட்டிங்ஸ் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் அந்த 8ஐ 3 ஆக்கினேன். குளிர்காலம் 3 மணி நேரம், முழு வருடமும் 12 மணி நேரம். அடுத்த வாரமே அவன் விதைக்க வந்துவிட்டான்.

அடுத்தது, யாரும் இல்லாதபோதும் பருவம் நகரும் என்ற செட்டிங். இது டீஃபால்ட்டில் ஆன் ஆகவே இருக்கும். ஆள் இல்லாத நேரத்தில் நாள்காட்டி ஓடும், ஆனால் வயல் இருக்கும் சங்க் (உலகத்தின் அந்தத் துண்டு) லோடு ஆகாததால் பயிர் வளராது. விதைத்துவிட்டுப் போய் நாலு நாள் கழித்து வந்தால் முளை அப்படியே நிற்கிறது, மேலே பனி கொட்டுகிறது. மனசு கஷ்டமாகிவிட்டது. சிறிய சர்வர் என்றால் முதல் நாளே இதை ஆஃப் செய்துவிடுங்கள்.

பருவம் தவறிய பயிர் மெதுவாக வளரலாம், வளராமல் நிற்கலாம், அழிந்தே போகலாம். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மூன்றாவதையும் ஆடிப் பார்த்தோம். இப்போது இருப்பது இரண்டாவது. பயிர் வீணாவதில்லை, அதே சமயம் அறுவடையைச் சேர்த்து வைக்காமல் குளிர்காலத்தைத் தாண்டவும் முடியாது. சேமிப்புக் கிடங்கு கட்ட எங்களுக்கு ஒரு காரணம் கிடைத்ததே இதனால்தான்.

குளிரில் வயல் வாய்க்காலும் உறைந்துபோகும். ஐஸ் ஆகிவிட்டால் மண்ணுக்கு ஈரம் போகாது, கருத்த மண் வெளுத்துவிடும். இதற்காக பனி, ஐஸ் உருவாவதையே மொத்தமாக நிறுத்துகிறவர்கள் உண்டு. வேண்டாம், பாதி அழகு போய்விடும். வாய்க்கால் ஓரத்தில் இடைவெளி விட்டு டார்ச் (தீப்பந்தம்) நட்டால் போதும், அந்த வெளிச்சத்தில் தண்ணீர் உறையாது. இருட்டிய பிறகு மலை மேலிருந்து பார்த்தால் சுற்றிலும் வெள்ளை, நடுவில் மஞ்சள் கோடாக எங்கள் வாய்க்கால். சித்தி பையன் முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு வேலையைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டான்.

வெப்பமண்டலப் பகுதிகளில் இந்த நான்கு பருவம் கிடையாது, மழைக்காலமும் வறட்சிக்காலமும்தான். அடுத்த வீட்டை அங்கே கட்டலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.